பருப்புத் தண்ணியும் முளைகட்டிய கேழ்வரகும்

என் தங்கை மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வீட்டில் சோறூட்டல். நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோற்றை ஒரு விரலில் எடுத்து அப்பா அவள் நாக்கில் வைத்தார். அடுத்த நொடியே அது மோவாயில் வழிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வழிந்தது. "பிள்ளைக்குப் பிடிக்கலை போல" என்றார் அம்மா.

பிடித்தது பிடிக்காதது எல்லாம் அப்புறம். அது நாக்கின் பழைய பழக்கம். பால் அல்லாத எது வாயில் பட்டாலும் வெளியே தள்ளிவிடத்தான் பச்சைக் குழந்தையின் நாக்குக்குத் தெரியும். தொண்டையில் எதுவும் சிக்கிவிடாமல் இருக்க அது ஒரு காவல். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் இந்த அனிச்சைச் செயல் மெல்ல ஓய்கிறது. கழுத்து நன்றாக நிற்பதும், அணை கொடுத்தால் உட்காருவதும், நம் தட்டையே பார்த்து வாயைப் பிளப்பதும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். எல்லாம் ஒரே நாளில் கூடி வராது. இந்த வாரம் துப்பியதை அடுத்த வாரம் விழுங்கும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். கவனிக்க வேண்டியது அதைத்தான். "கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது" என்று பருப்புத் தண்ணியிலும் கஞ்சித் தெளிவிலும் வாரக்கணக்கில் ஓட்டுகிற வீடுகள் இன்னும் உண்டு. குழந்தையின் இரைப்பை கொள்வது எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி. 7 கிலோ குழந்தை என்றால் 210 மில்லி, ஒரு டம்ளர் அளவு. தாய்ப்பால் போக, 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி திட உணவிலிருந்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பருப்புத் தண்ணியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். வயிறு ரொம்பிவிடும், உடம்பில் ஒட்டாது. பாலுக்கான இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் கெட்டியாகக் காய்ச்ச வேண்டியதுதானே? கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறிப் பாருங்கள். கொஞ்ச நேரம் பால் மாதிரி ஓடும். சூடு ஏறியதும் சட்டென்று கரண்டி கனக்கும். மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஆறினால் களிதான். குழந்தை விழுங்கும் பதத்துக்குக் கொண்டுவர மேலும் தண்ணீர் ஊற்றுவோம், மறுபடி நீர்த்துப்போகும்.

இந்தச் சிக்கலை நம் பாட்டிமார் வேறு வழியில் தீர்த்துவைத்திருந்தார்கள். கேழ்வரகை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்பது. முளைக்கிற தானியம் தன் முளைக்குத் தீனி போட அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டு துண்டாக நறுக்கிவிடும். துண்டான சங்கிலியால் அவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. அதனால் மாவை அதிகம் போட்டும் கூழ் இளக்கமாகவே இருக்கிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? சாதாரண மாவில் கெட்டியாகக் கூழ் காய்ச்சி இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் அரை ஸ்பூன் முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் கரண்டியிலிருந்து வழிய ஆரம்பிக்கும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கினால் குழந்தைக்குத் தரலாம். கொதிக்கிற கூழில் நேரே போட்டாலும், மாவைக் கருக வறுத்திருந்தாலும் நொதி செத்துப்போகும், வித்தை பலிக்காது.

"செரிக்காது" என்ற பயத்தில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. இந்த வயதில் குழந்தையின் கணையம் சுரக்கும் அமைலேஸ் குறைவுதான். எச்சிலும் தாய்ப்பாலும் ஓரளவு கைகொடுக்கின்றன; பாதி வேலையை முளைகட்டிய மாவு முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

கேழ்வரகால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு: இரும்புச்சத்து. கருவின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து வாங்கிச் சேர்த்துவைத்த இரும்பு, ஆறு மாத வாக்கில் தீர்ந்துவருகிறது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். தாய்ப்பாலில் இருப்பது லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகில் இரும்பு உண்டு, ஆனால் தானியத்தில் இயல்பாக இருக்கும் ஃபைட்டேட் என்ற சேர்மம் அதைக் கட்டிப்போடுகிறது. முளைகட்டினால் பிடி கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். ஆகவே மசித்த ஈரல், கறி, மீன் என்று அசைவ வீடுகளுக்கு வழி சுலபம். மற்றவர்கள் குழைத்த பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம்; வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். முட்டையை ஒரு வயது வரை தள்ளிப்போடச் சொன்னதெல்லாம் பழைய கதை. தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் ஒரு துளிகூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகளைப் பச்சைக் குழந்தையின் குடலால் சமாளிக்க முடியாது.

தங்கை மகள் பத்தாவது நாள் விழுங்கினாள். இப்போது ஒன்பது மாதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன. பாயில் சிந்திய ஒற்றைப் பருக்கையைக் குறி தவறாமல் பொறுக்கி வாயில் போடுகிறாள். அதைத் தூக்கிக்கொண்டு போகிற எறும்பையும் சேர்த்து.