நடக்காத காரியத்துக்கு ஏன் இறந்தகாலம்?

கொழும்பில் எந்த ஆங்கில டியூசன் கொப்பியைத் திறந்தாலும் அந்த அட்டவணை இருக்கும்: டைப் வன், டைப் டூ, டைப் திரீ. 'இஃப்' வாக்கியங்களைப் பிள்ளைகள் இப்படித்தான் பாடமாக்குகிறார்கள். தடுமாற்றம் இரண்டாவது வகையில் தொடங்கும். 'இஃப் ஐ ஹேட் அ கார், ஐ வுட் டிரைவ் டு கண்டி.' இதில் காரும் இல்லை, கண்டிப் பயணமும் இல்லை. எதுவுமே நடக்கவில்லை. பிறகு எதற்கு 'ஹேட்' என்ற இறந்தகால வடிவம்?

ஆங்கிலத்தைக் குறை சொல்லும் முன் நம் பேச்சைப் பார்ப்போம். வந்தேன், வந்தால். போனேன், போனால். சாப்பிட்டேன், சாப்பிட்டால். இந்த 'ஆல்' எப்போதும் இறந்தகால அடியில்தான் ஒட்டுகிறது. நாளைய மழையைப் பற்றி 'பெய்தால்' என்கிறோம். 'பெய்வால்' என்று யாரும் சொல்வதில்லை. வராத ஒன்றை இறந்தகாலத்தில் சொல்வது தமிழிலக்கணத்துக்கும் பழையதே. விரைவைக் காட்ட எதிர்காலச் செயலை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. இன்னும் அடுப்படியில் நின்றுகொண்டே 'இதோ வந்திட்டேன்' என்று குரல் கொடுக்கிறோமே, அதுதான்.

ஆங்கில இறந்தகால வடிவத்தின் வேலை நேற்றைச் சுட்டுவது மட்டுமல்ல. பேசுபவர் நிற்கும் இடத்திலிருந்து விலக்கம் காட்டுவது என்று பல மொழியியலாளர்கள் விளக்குகிறார்கள். காலத்தால் விலகினால் அது நேற்று. உண்மையிலிருந்து விலகினால் அது கற்பனை. மரியாதைக்காக விலகினால் 'ஐ வாண்டட் டு ஆஸ்க்'. ஒரு அலுவலகக் கவுண்டரில் 'ஒரு விஷயம் கேட்கலாமென்று வந்தேன்' என்று நாமும் பணிவோடு தொடங்குவதுண்டு.

சரி, அப்படியென்றால் சிக்கல் எங்கே? 'லொத்தர் விழுந்தால் வீடு வாங்குவேன்' என்ற வாக்கியத்தை எடுங்கள். புறக்கோட்டையில் டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பவரும் இதைச் சொல்வார், வாழ்நாளில் டிக்கெட்டே வாங்காதவரும் சொல்வார். தமிழில் வித்தியாசத்தைக் குரலோ சூழ்நிலையோ காட்டிவிடும். ஆங்கிலம் அதை வினைச்சொல்லிலேயே கேட்கிறது. நம்பிக்கையோடு இருப்பவர் 'இஃப் ஐ வின், ஐ வில் பை' என்பார். சும்மா கனவு காண்பவர் 'இஃப் ஐ வொன், ஐ வுட் பை' என்பார். தமிழர் புதிதாகப் பழக வேண்டியது இந்த ஒரு தெரிவைத்தான். அட்டவணையில் இது எங்கேயும் சொல்லப்படுவதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்றாவது வகை கடினம் என்று கடைசியில் வைக்கிறார்கள். எனக்கென்னவோ நமக்கு அதுதான் மிக எளிது. 'நூறாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்பேன்.' இங்கே 'இரு' செய்யும் வேலையை அங்கே 'ஹேவ்' செய்கிறது: 'இஃப் ஐ ஹேட் காட் த பஸ், ஐ வுட் ஹேவ் அரைவ்ட் ஒன் டைம்.' பிடிக்கவில்லை, போகவில்லை என்பது இரண்டு மொழியிலும் சொல்லாமலே விளங்கும்.

அப்புறம் இந்த 'வில்'. 'இஃப்' பகுதியில் அது வரவே கூடாது என்று வகுப்பில் அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் சம்மதத்தைக் கேட்கும்போது வரும்: 'இஃப் யூ வில் வெயிட் அ மோமென்ட்'. 'நீங்கள் வருவீங்களெண்டால் நான் டிக்கெட் எடுக்கிறன்' என்று வெள்ளவத்தையில் பேசும்போது வருகிற அதே 'வருவீங்கள்' இது. 'வில்' வெறும் எதிர்காலக் குறியும் இல்லை. 'அப்பா இப்போது வீட்டில் இருப்பார்' என்று ஊகித்துச் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஹீ வில் பி அட் ஹோம் நவ்' என்கிறார்கள். 'சின்ன வயதில் ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போவோம்' என்பதில் 'போவோம்' பழைய வழக்கத்தைச் சொல்கிறது. அங்கே ஆங்கிலத்துக்கு 'வீ வுட் கோ'.

'இஃப் ஐ வேர் யூ' மட்டும் இந்தக் கணக்கில் முழுதாக அடங்காது. 'ஐ' உடன் 'வாஸ்'தானே வர வேண்டும்? பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட கற்பனைக்கென்று தனி வினைவடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அவை மறைந்து இறந்தகாலத்தோடு கலந்துவிட, இந்த 'வேர்' தங்கிவிட்டது. பேச்சில் பலர் 'வாஸ்' என்றே சொல்கிறார்கள். பரீட்சைத் தாளில் 'வேர்' எழுதுவது பாதுகாப்பு.