ஒத்திகையில் விழும் நிஜ அடி

ஆண்டு விழா நெருங்கினாலே இப்படி ஒரு பிள்ளை வந்துவிடுகிறது. கும்பகோணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன். இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பையன். சக மாணவர்களைக் கேலி செய்யக்கூடாது என்று விழிப்புணர்வு நாடகமாம். அதில் அடி வாங்கும் வேடம் அவனுக்கு. இடது காதுக்குக் கீழே விரல் பதிந்த தடிப்பு இன்னும் வற்றவில்லை. ஒத்திகையில் அறைந்தவன், வகுப்பிலும் அவனை அடிக்கிற அதே பையன். நாடகத்தில் வைத்த பட்டப்பெயர் இப்போது பஸ் ஸ்டாண்ட் வரை துரத்துகிறது.

ஏன் இவனுக்கே இந்த வேடம் என்று ஆசிரியர்களைக் கேட்டால், "நடிச்சா பயம் தெளிஞ்சிடும் மேடம்" என்கிறார்கள். தெளியாது. தினமும் தலைகுனிந்து நிற்கிற பிள்ளையை ஊரைக் கூட்டி வைத்து இன்னொரு தரம் தலைகுனிய வைக்கிறீர்கள். அடிக்கிறவனுக்கு விசிலும் கைதட்டலும். கடைசியில் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மன்னிப்பு ஒரு நிமிடம். அடிக்கத்தான் ஒரு மாத ஒத்திகை.

நம் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் வேடம் கட்டுபவர் விரதம் இருப்பார். இரணியன் மேல் பாயும்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். வளர்ந்தவர்களுக்கே அந்தக் காவல். பதினாலு வயசுப் பிள்ளைகளை மட்டும் "நீங்களே ரிகர்சல் பண்ணுங்கப்பா" என்று விட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுகிறோம்.

அடியைக் காட்டினால்தான் உறைக்கும் என்பவர்களுக்கு: ஆங்கில நாடகாசிரியர் டென்னிஸ் கெல்லியின் 'டிஎன்ஏ' நாடகம் 2008இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறியது. ஒரு பையனைக் கூட்டாளிகள் சேர்ந்து படுத்திய பாட்டை அதில் நாம் பார்ப்பதே இல்லை. செய்தவர்கள் ஏதோ விளையாட்டுப் போலச் சொல்கிறார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான் என்கிறார்கள். கேட்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் ஆசிரியர்களே, அடியைக் காட்டாமல் சொல்ல வையுங்கள். காட்டியே ஆகவேண்டும் என்றால் கை கன்னத்தில் படக்கூடாது. சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் கைதட்டட்டும். வகுப்பில் நிஜமாகவே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அந்த வேடம் வேண்டவே வேண்டாம். நிஜப் பட்டப்பெயர் வசனத்தில் வரக்கூடாது. ஒத்திகை முடியும்வரை ஒரு ஆசிரியர் அங்கேயே இருக்க வேண்டும்.

அம்மா அப்பாமாருக்கு: "என்ன வேஷம்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். யாரோடு நடிக்கிறாய், ஒத்திகையில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள், தயவுசெய்து. பள்ளியில் சொல்லியும் கேட்கவில்லையா, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடுங்கள். விழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.