நாலாக்சோன்: நின்றுபோகும் மூச்சு எப்படித் திரும்புகிறது

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் எல்லாமே ஓபியாய்டு வகைதான், அதாவது வலியைத் தணித்துப் போதையும் தருபவை. அளவு மீறும்போது இவை கொல்வது பெரும்பாலும் மூச்சை நிறுத்தித்தான். அந்த மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மாற்று மருந்து நாலாக்சோன். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் நம்மை மூச்சுவிட வைப்பது மூளைத்தண்டின் வேலை. அங்குள்ள நரம்பணுக்களில் மியூ ஏற்பிகள் என்ற, ஓபியாய்டு வந்து ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. ஓபியாய்டு அவற்றில் ஒட்டியதும் அந்த உந்துதல் மங்கிவிடும். கரியமில வாயு எவ்வளவு சேர்ந்தாலும் மூளைக்கு உறைக்காது. மூச்சின் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடும்.

ஏற்பியில் ஒட்டிய மூலக்கூறு அங்கேயே கிடப்பதில்லை, விடுவதும் பிடிப்பதுமாகவே இருக்கும். ஹெராயினோ மார்ஃபினோ பிடிவிட்ட இடத்தை நாலாக்சோன் பிடித்துக்கொள்கிறது. அவற்றைவிட இறுக்கமாக ஒட்டும். ஆனால் ஏற்பியை இயக்காது. இடம் அடைபட்டதும் மூளைத்தண்டு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. உடலில் ஓபியாய்டே இல்லாதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் பெரிதாக எதுவும் நடக்காது. எனவே, சந்தேகம் வந்தால் கொடுத்துவிடலாம்.

அளவு மீறியதற்கான அறிகுறிகள் மூன்று: குண்டூசி முனையளவு சுருங்கிய கண்மணி, உலுக்கினாலும் விழிக்காத மயக்கம், தடுமாறும் மூச்சு. உதடும் நகமும் நீலம் பாயலாம். கறுத்த தோலில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். பலரை ஏமாற்றுவது கரகரவென்ற குறட்டைதான். ‘நல்லா தூங்குறான், விடு’ என்று விட்டுவிடுகிறார்கள். அது பாதி அடைபட்ட மூச்சுக்குழாயின் சத்தம்.

முதலில் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நாலாக்சோன் ஊசியானால் 0.4 மி.கி. தொடைத் தசையிலோ தோள் தசையிலோ போட வேண்டும். துணிக்கு மேலேயே போடலாம். மூக்கு ஸ்ப்ரேயில் பரவலாகக் கிடைப்பது 4 மி.கி. ஒரு கருவியில் ஒரே தடவைக்குத்தான் மருந்து இருக்கும். சோதித்துப் பார்க்க அழுத்தினால் அத்தனையும் காற்றில் போய்விடும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கை மூடி, 5 நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மருந்து வேலைசெய்யும் வரை மூளைக்கு ஆக்சிஜன் தருவது இதுதான். 2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகவில்லையென்றால் அடுத்த டோஸ். நாடித்துடிப்பே இல்லையென்றால் மார்பை அழுத்தும் சிபிஆர். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி வந்தால் புரையேறாது.

மாத்திரையாக விழுங்கினால் பயனில்லை, கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். தண்ணீர் ஊற்றுவது, பால் புகட்டுவது, உப்புநீரை ஊசியில் ஏற்றுவது எல்லாம் நேரத்தைத் தின்னும், சில சமயம் ஆளையும். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்திருந்தால் ஓபியாய்டின் பங்கு மட்டுமே விலகும், மயக்கம் நீடிக்கலாம். ஆனால் எழுப்பி உட்காரவைப்பது இங்கே நோக்கமில்லை, மூச்சு வந்தால் போதும். தேவைக்கு மேல் கொடுத்தால் வாந்தி, நடுக்கம், எரிச்சல் என்று போதைப்பொருள் திடீரென நின்றால் வரும் விலகல் அறிகுறிகள் ஒரேயடியாகத் தாக்கும். தாங்காமல் அவர் எழுந்து போய் மறுபடி போதைப்பொருளைப் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாலாக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடம்தான். மெத்தடோனோ ஒரு நாளுக்கு மேலும் உடலில் தங்கும். தெளிந்துவிட்டாரே என்று தனியே விட்டால், ஒரு மணி நேரம் கழித்து மூச்சு மறுபடி நிற்கலாம்.

சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்த முதல் வாரங்கள் மிக ஆபத்தானவை. உடல் தாங்கும் திறன் இறங்கியிருக்கும், கையோ பழைய அளவையே எடுக்கும். வாசலில் அறிவுரைக்குப் பதில் ஒரு நாலாக்சோன் பெட்டியைக் கொடுத்தனுப்புவது உருப்படியான காரியம்.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் போதைப்பொருள் பயன்படுத்தும் இன்னொருவர்தான். மருந்து மருத்துவமனை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அவருக்கு என்ன பயன்? ஓவர்டோஸை நேரில் காண நேரக்கூடியவர்கள் கையிலேயே இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2023இல் 4 மி.கி. ஸ்ப்ரேயை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. மருந்து கையில் இருந்தாலும், ஆம்புலன்சோடு போலீசும் வரும் என்ற பயத்தில் அழைக்கத் தயங்குகிறார்கள். உதவிக்கு அழைத்தவர்மீதும் மயங்கிக் கிடப்பவர்மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததற்காக வழக்குப் போடக் கூடாது என்று கனடா 2017இல் சட்டம் செய்தது. விற்பனைக் குற்றச்சாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.