கிணற்று நீரில் பார உலோகங்கள்: பரிசோதனைக்கு முன்னரே தொடங்கும் வேலை

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதாக எழுந்த காலத்திலிருந்து, பரிசோதனைக்குத் தண்ணீர் கொண்டு வருபவர்கள் முதலில் கேட்பது "இதில் ஈயம் இருக்கிறதா?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்பவரின் கையில் பெரும்பாலும் கழுவிய சோடாப் போத்தலொன்றே இருக்கும். அந்த நீரை வைத்து நம்பத்தக்க விடையொன்றைக் கூற என்னால் இயலாது.

குடிநீரில் ஈயத்துக்கும் ஆசனிக்குக்கும் இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614 விதிக்கும் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், கட்மியத்துக்கு 0.003. ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைய நீரில் 10 மில்லிகிராம் ஈயம் இருந்தாலே எல்லை வந்துவிடுகிறது. இவ்வளவு நுண்ணிய அளவை போத்தலின் சுவரே விழுங்கிவிடக்கூடும். அதிலும் நமது சுண்ணாம்புக்கல் நீரை வெளியே எடுத்து வைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று படியும்போது உலோகத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஆகவே 10 வீத நைத்திரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயன் நீக்கிய நீரால் அலசிய பொலித்தீன் போத்தலில் நீரை எடுத்து, பீஎச் 2 இற்குக் கீழே இறங்கும்வரை அமிலம் சேர்த்தே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருகிறோம். 0.45 மைக்கிரோன் வடியில் வடித்த மாதிரியொன்றும் வடிக்காத மாதிரியொன்றும் தேவை: முன்னது நிலத்தடியில் கரைந்து நகர்வதைக் காட்டும், பின்னது குடிப்பவரின் வயிற்றுக்குள் போவதைக் காட்டும்.

எங்கே பிடித்த நீர் என்பதும் முக்கியம். கோப்பாய்ப் பக்கத்து வீடொன்றில், காலையில் குழாயைத் திறந்ததும் பிடித்த நீரில் ஈயம் எல்லையைத் தாண்டியிருந்தது. வீட்டார் கிணற்றைக் கைவிடுவதற்கே ஆயத்தமாகிவிட்டனர். மறுமுறை, கிணற்றில் நேரே அள்ளிய நீர், காலையின் முதல் நீர், சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடித்த நீர் என மூன்றையும் தனித்தனியே எடுத்தோம். (அள்ளுவதற்குப் பிளாஸ்டிக் வாளியே வேண்டும், தகர வாளியென்றால் அதன் நாகமும் கணக்கில் ஏறிவிடும்.) ஈயம் மிஞ்சியிருந்தது முதல் நீரில் மட்டுமே. இரவு முழுவதும் ஈயம் கலந்த பழைய பித்தளைப் பொருத்திக்குள் தேங்கிக் கிடந்த நீர் அது.

கிணற்றிலேயே உலோகம் இருந்தால் விசாரணை நீளும். காரத்தன்மையுள்ள சுண்ணாம்புக்கல் ஈயத்தைப் பெருமளவு பிடித்து வைக்கும் என்பது உண்மையே. ஆயினும் வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழேயுள்ள பாறையில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால், மாரி மழையில் மேலிருந்து இறங்கும் நீர் வடிகட்டப்படாமலே கிணற்றை எட்டக்கூடும். பொசுபேற்றுப் பசளையோடு வரும் கட்மியத்தையும் தோட்டக் காணிகளில் மறக்கலாகாது. கோடை இறுதியிலும் மாரி முடிந்தபின்னும் ஆக இரண்டு தடவையாவது பார்க்காமல் நான் முடிவு எழுதுவதில்லை.

பல உலோகங்களைச் சேர்த்து ஒரே சுட்டெண்ணாகத் தரும் அறிக்கைகளை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. ஓர் உலோகத்தின் மீறல் மற்றவற்றின் நல்ல எண்களுக்குள் மறைந்துபோகலாம். யார் குடிக்கிறார்கள் என்பதையே பார்க்கிறேன். நாளுக்கு 2 லீற்றர் குடிக்கும் 60 கிலோகிராம் பெரியவரைவிட, 1 லீற்றர் குடிக்கும் 10 கிலோகிராம் குழந்தைக்கு உடல் நிறையின்படி மூன்று மடங்கு உலோகம் சேர்கிறது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிநீரில் கிருமி சாகும்; ஆசனிக் போன்றவை ஆவியாகிப் போவதில்லை, நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். கடையில் வாங்கும் டீடீஎஸ் மானியும் கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்தே காட்டும்; சில நூறு மில்லிகிராம் உப்புக்கிடையே 0.01 மில்லிகிராம் ஈயம் அதற்குத் தெரியாது. ஈயம் இல்லையென்ற அறிக்கையோடு நிம்மதியாக எழும்புபவரிடம், வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதுண்டா என்றும் கேட்பேன். உண்டென்றால், பசளையும் மலசலகூடக் குழிகளும் நமது கிணறுகளுக்குள் சேர்க்கும், கைக்குழந்தைக்குக் கேடான நைத்திரேற்றையும் அதே நாளில் அளந்துகொள்ளச் சொல்கிறேன்.