இரும்பின் பிறப்பை யார் அறிவார்?

படகு செதுக்கிக்கொண்டிருந்த கிழவனின் கோடரி நழுவி அவன் முழங்காலிலேயே இறங்கிவிடுகிறது. ஆள் லேசுப்பட்டவன் அல்ல. பின்லாந்துக் காவியமான கலேவலாவின் நாயகன் வைனாமொயினன், பாட்டுப் பாடியே எதிரியைச் சேற்றில் அமிழ்த்தியவன். ஆனால் சொந்த இரத்தத்தை அவனால் நிறுத்த முடியவில்லை. ஏழு படகு நிறைய, எட்டுத் தொட்டி நிறைய ஓடியது என்கிறது பாட்டு. பாசியையும் புல்லையும் பிடுங்கி வைத்து அழுத்திப் பார்க்கிறான், பலனில்லை. சறுக்குவண்டியில் ஏறி வீடு வீடாகப் போய், இரும்பு செய்த காயத்துக்கு வைத்தியம் தெரிந்தவர் உண்டா என்று கேட்கிறான். மூன்றாவது வீட்டில் நரைத்த தாடிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எத்தனையோ வெள்ளங்களை அடக்கியவர்தான். இதையும் அடக்கிவிடலாம், ஆனால் இரும்பு பிறந்த கதை தெரிய வேண்டும் என்கிறார்.

உயிர் போகிற நேரத்தில் இரும்பின் பிறப்புக் கதை எதற்கு? கலேவலாவைப் படிக்கும் பலரும் இந்த இடத்தைக் காவிய அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்தக் காவியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கான சாவியே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

பின்லாந்திலும் அதையொட்டிய கரேலியாவிலும் கிராமங்களில் மந்திர வைத்தியரை 'தியெத்தாயா' என்பார்கள். நேர்பொருள் 'அறிந்தவர்'. அவர் அறிந்தது 'சின்த்து', அதாவது பிறப்பு. பாம்பு கடித்தால் பாம்பின் பிறப்பை ஓத வேண்டும். தீ சுட்டால் தீயின் பிறப்பை. உறைபனி தாக்கினால் பனியின் பிறப்பை. ஒன்றின் பூர்வீகம் தெரிந்தவன் முன் அது வாலாட்ட முடியாது என்பது கணக்கு. ஊரையே மிரட்டுகிற ஒருவனைப் பார்த்து, 'உன்னை அரைஞாண் கயிறோடு பார்த்தவன் நான்' என்று ஒரு பாட்டி சொன்னால் அவன் எப்படிக் கூனிப்போவானோ, அப்படி. பெரியவர் இரும்பைத் திட்டுவதும் இதே தொனியில்தான்: இளம்பெண்ணின் மார்பில் நீ பாலாகக் கிடந்தபோது பெரியவனாகவா இருந்தாய்? சதுப்பில் கிடந்த உன்னைக் கடமான்கள் மிதித்தபோது பெரியவனாகவா இருந்தாய்?

அந்தப் பிறப்புக் கதை இதுதான். காற்று முதல் தாய். தண்ணீர் மூத்த சகோதரன், தீ நடுவன், இரும்பு கடைக்குட்டி. வானத்தில் மூன்று கன்னிப்பெண்கள் மேக விளிம்பில் நடக்கிறார்கள். பால் கட்டிய மார்பிலிருந்து பூமியில் பால் சொட்டுகிறது. கறுத்த பால் விழுந்த இடத்தில் மெல்லிரும்பு, வெண்பால் விழுந்த இடத்தில் எஃகு, சிவந்த பால் விழுந்த இடத்தில் சட்டென்று உடையும் இரும்பு. தம்பி இரும்பு, அண்ணன் தீயைப் பார்க்கப் போகிறான். அண்ணன் ஆவேசமாகி எரிக்க வருகிறான். தம்பி ஓடிப்போய்ச் சதுப்பு நிலத்துத் தண்ணீருக்கடியில் ஒளிந்துகொள்கிறான். பிறகு ஒரு ஓநாய் அந்தச் சதுப்பில் ஓடுகிறது, ஒரு கரடி நடக்கிறது. அவற்றின் காலடித் தடங்களில் இரும்பு மேலே வருகிறது. கரிமேட்டில், கையில் செம்புச் சுத்தியலோடு பிறந்த கொல்லன் இல்மரினன் அதைக் கண்டெடுத்து உலைக்குக் கொண்டுபோகிறான்.

ஓநாயின் காலடியில் இரும்பு கிடைக்குமா? கிடைக்கும். வடநாடுகளில் பழங்காலக் கொல்லர்களுக்கு இரும்பு மலையைக் குடைந்து வரவில்லை, சேற்றிலிருந்துதான் வந்தது. மண்ணுக்கடியில் ஆக்சிஜன் இல்லாத, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அந்த நீர் சதுப்பில் ஊறி மேலே வந்து காற்றைத் தொட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, கரைந்திருக்க முடியாத துருவாகிப் படியும். இரும்பை ஆக்சிஜனேற்றி அதில் கிடைக்கும் ஆற்றலில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த வேலையை விரைவாக்குகின்றன. சில ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் பிடிக்கும்போது பளிங்காக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். வேதியியல் அதேதான். சதுப்பில் இது ஆண்டுக்கணக்கில் நடந்து, வேர்களுக்கடியில் செங்கட்டிகளாகத் திரளும். ஏரியின் அடியிலும் இப்படித் திரளும். பின்லாந்தில் அந்தக் காலத்தில் தெப்பத்தில் நின்றபடி நீண்ட காம்புள்ள சல்லடையால் அதை அள்ளியெடுத்தார்கள். எடுத்த இடத்தில் சில பத்தாண்டுகளில் மறுபடியும் வளரும்.

இரும்பு இருக்கும் சதுப்பை அடையாளம் காண ஒரு வழி உண்டு. தேங்கிய நீரின் மேல் எண்ணெய் சிந்தியதுபோல வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதக்கும். குச்சியால் தொட்டால், எண்ணெயாக இருந்தால் விலகி மீண்டும் கூடிவிடும். இரும்புப் படலமாக இருந்தால் கண்ணாடித் தகடுபோல் சில்லுச்சில்லாக உடைந்து அப்படியே நிற்கும். கனத்த விலங்கு ஒன்று நடந்துபோனால் படலம் உடைந்து, காலடிக் குழியில் செஞ்சேறு பொங்கும். பாட்டில் ஓநாயும் கரடியும் செய்யும் வேலை அதுவே. தாது தேடுகிறவனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்ற குறிப்பு கதைக்குள் பத்திரமாக இருக்கிறது.

மூன்று பாலும் அப்படித்தான். கரி போட்டு எரிக்கும் சிறு மண் உலையில் வெப்பம் சுமார் 1200 டிகிரி செல்சியசை எட்டும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். அதனால் கசடு மட்டும் உருகி வழிய, இரும்பு பஞ்சுபோன்ற கட்டியாக நிற்கும். பாட்டும் உலைக்குள் இரும்பு பிசைந்த கோதுமை மாவுபோலவும் ரை என்ற தானியத்தின் மாவுபோலவும் இழுபட்டது, கசடாகப் பொங்கியது என்றே சொல்கிறது. பார்த்தவன் சொன்ன வருணனை இது. அப்படி எடுத்த கட்டியில் கரியிலிருந்து ஏறிய கார்பன் மிகக் குறைவாக இருந்தால் மெல்லிரும்பு. ஓரளவு ஏறியிருந்தால் எஃகு. சதுப்புத் தாதில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பது வழக்கம்; அது சேர்ந்த இரும்பு குளிரில் அடித்தால் உடையும். ஒரே சேற்றிலிருந்து மூன்று குணம் ஏன் வருகிறது என்பது கொல்லனுக்குத் தீராத புதிர். கார்பனும் பாஸ்பரசும் கேள்விப்படாத காலத்தில் அவன் மூன்று தாய்களை வைத்து அதை விளக்கியிருக்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. உலையிலிருந்து வெளியே வர விரும்பும் இரும்பு சத்தியம் செய்கிறது: கடிக்க மரம் இருக்கிறது, தின்னக் கல் இருக்கிறது, கூடப்பிறந்தவனை வெட்டமாட்டேன். இல்மரினன் அதைத் தட்டி உருவாக்குகிறான். ஆனால் இன்னும் பதம் ஏறவில்லை. காய்ச்சிய இரும்பைத் தோய்க்கும் நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, இது போதாது என்று தேனீயை அழைத்து, பூக்களிலிருந்து தேன் கொண்டுவரச் சொல்கிறான். கூரையோரம் இருந்து ஒட்டுக்கேட்ட குளவி முந்திக்கொள்கிறது. பாம்பின் நஞ்சையும் தேரையின் விஷத்தையும் கொண்டுவந்து நீரில் கலக்கிறது. தேன்தான் வந்தது என்று நம்பி இல்மரினன் இரும்பை அதில் தோய்க்க, இரும்பு வெறிகொண்டு, சத்தியத்தை மறந்து, தன் இனத்தையே கடிக்கத் தொடங்குகிறது.

கொடுமை இரும்புக்குள் எந்த நொடியில் புகுந்தது என்று பாட்டு சொல்கிறது பாருங்கள்: பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கும் நொடியில். உலோகவியலும் அந்த நொடியையே சுட்டும். எஃகைச் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சினால் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, இடையே கார்பன் கரைந்து உட்காரும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியேறிவிடும், எஃகு மென்மையாகவே இருக்கும். சட்டென்று நீரில் தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. சிக்கிக்கொண்டு அடுக்கையே முறுக்கிவிடும். அந்த முறுக்கம்தான் கத்தியின் கடினமும் கூர்மை நிற்கும் தன்மையும். கொல்லன் காரணத்தை நீரில் தேடினான். உண்மையில் அது கரியிலும் குளிரும் வேகத்திலும் இருந்தது. இடத்தைச் சரியாகப் பிடித்தான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்தான்.

உலைக்களத்தில் பறந்துவந்து காரியம் கெடுக்கும் பூச்சி, பழைய ஸ்காண்டிநேவியர்களான நார்ஸ் மக்களின் கதையிலும் வருகிறது. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசோன் 1220 வாக்கில் எழுதிவைத்த 'எட்டா' என்ற புராணக்கதை நூலில், தோர் தேவனின் சுத்தியலைக் குள்ளக் கொல்லர்கள் செய்யும்போது ஒரு ஈ வந்து துருத்தி இழுப்பவனின் இமையைக் கடிக்கிறது. கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைக்க அவன் ஒரு கணம் கையை எடுக்கிறான். அதனால் சுத்தியலின் பிடி குட்டையாகப் போனது. ஈ வேறு யாருமல்ல, சூழ்ச்சிக்காரத் தேவன் லோகி என்பது பொதுவான புரிதல். எதற்காகவும் துருத்தியை நிறுத்தாதே என்பது உலையில் நிற்கிறவனுக்கு முதல் பாடம். காற்று தடைப்பட்டால் வெப்பம் விழுந்து கட்டி பாழாகும். வைக்கிங்குகளும் சதுப்பு இரும்பில் வாழ்ந்தவர்களே. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அவர்கள் 1021-இல் மரம் வெட்டிய குடியிருப்பில் இரும்பு உருக்கிய கசடும் கிடைத்திருக்கிறது.

இத்தனை நுணுக்கமும் எழுத்தில்லாமல் எப்படித் தப்பிப் பிழைத்தது? காயத்துக்கு அந்தப் பெரியவர் ஓதும் வரிகளைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்:

குருதியே, சுவராய் நில்;
உதிரமே, வேலியாய் இரு;
கடலில் வாளாய் நில்,
பாசியில் கோரையாய்,
வயல் வரப்பில் பாறையாய்,
ஆற்றுப் பாய்ச்சலில் கல்லாய்.

மூலத்தில் கடைசி வரி: கிவி கொஸ்கெஸ்ஸா கொவஸ்ஸா. எட்டு அசை. மூன்று சொல்லும் 'க'வில் தொடங்குகின்றன, நம் மோனைதான். அசை அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலில். சொல்லின் முதலசை 'கொஸ்' போல் ஒற்றடுத்து நீண்டால் தாளம் ஏறும் இடத்தில் வர வேண்டும். 'கொ' போல் குறுகினால் இறங்கும் இடத்தில். வரியின் முதல் சீருக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீளமான சொல் வரிக்கடைசிக்குத் தள்ளப்படும்.

ஒரு பாடகருக்குச் சொல் மறந்துவிட்டது என்று வையுங்கள். 'கல்' நினைவிருக்கிறது, அது எங்கே நின்றது என்பது இல்லை. அந்த இடத்துக்கு வரும் சொல் 'க'வில் தொடங்க வேண்டும், இத்தனை அசை இருக்க வேண்டும், தாளத்தில் சரியாக விழ வேண்டும். மூன்று வேலிகளுக்குள் நிற்கும் சொற்கள் ஒன்றோ இரண்டோதான். அதோடு ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வருகிறது: குருதி என்று ஒரு வரி, உதிரம் என்று அடுத்த வரி, ஏழு படகு, எட்டுத் தொட்டி. ஒரு வரி சிதைந்தால் அதன் இணை அதைத் திருத்தும். செல்போன் சிக்னலில் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துச் செய்தியை மீட்கிறார்களே, அதே உத்தி. கேட்பவருக்கு அழகாகப் படுவது பாடகருக்குப் பிழைதிருத்தி.

மந்திரம் என்றால் இன்னும் இறுக்கம். சொல் பிசகினால் பலிக்காது என்பது நம்பிக்கை. வைனாமொயினனே தன் காயத்துக்கு மந்திரம் ஓதத் தொடங்கி, இரும்பின் சில பெருஞ்சொற்கள் நினைவுக்கு வராமல் தவிக்கிறான். வேடிக்கை என்னவென்றால், பெரியவர் வீட்டுக்குப் போனதும் பிறப்புக் கதை முழுவதையும் அவனே சொல்கிறான். தொகுத்தவரின் தையல் இந்த இடத்தில் தெரிவதாக நான் நினைக்கிறேன்.

தொகுத்தவர் எலியாஸ் லொண்ரொத், ஒரு மருத்துவர். 1832-இல் அவர் தந்த மருத்துவ ஆய்வேடே பின்னியர்களின் மந்திர வைத்தியம் பற்றியதுதான். கயானி என்ற சிற்றூரில் வேலை பார்த்துக்கொண்டே நடந்தும் படகிலும் போய் நாட்டுப்பாடல்களை எழுதியெடுத்தார். அவற்றைக் கோத்து 1835-இல் கலேவலாவின் முதல் வடிவத்தையும், 1849-இல் 50 பாடல்கள், 22,795 வரிகள் கொண்ட விரிந்த வடிவத்தையும் வெளியிட்டார். (இலங்கைத் தமிழரான உதயணன் என்கிற ஆர். சிவலிங்கம் அதை முழுமையாகத் தமிழாக்கி 1994-இல் வந்தது.) வைத்தியராக இருந்ததால்தானோ என்னவோ, பாட்டில் இரத்தம் நின்ற பிறகும் அவர் விடுவதில்லை. பெரியவரின் மகன் களிம்பு காய்ச்சுகிறான், முதலில் முறிந்த மரத்தில் தடவிச் சோதிக்கிறான், கடைசியில் காயத்துக்குப் பட்டுத் துணியில் கட்டு விழுகிறது. காயத்தைக் கையால் அழுத்திக்கொண்டு நீளமான ஒரு மந்திரத்தை நிதானமாக ஓதி முடித்தால், குருதி உறையத் தேவையான நிமிடங்கள் கழிந்துவிடும் என்பது என் ஊகம். அடிபட்டவரின் பதற்றமும் தணியும்.

நார்ஸ் மரபுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஒடின் தேவன் மரத்தில் ஒன்பது இரவு தொங்கி ரூன்கள் என்ற மாய எழுத்துகளைப் பெறும் ஹாவமால் பாடலில், தனக்குத் தெரிந்த பதினெட்டு மந்திரங்களை அவனே வரிசைப்படுத்துகிறான். பகைவரின் வாள்முனையை மழுக்குவது மூன்றாவது. ஆனால் மந்திரம் என்ன செய்யும் என்று மட்டும் சொல்கிறான், மந்திரத்தை ஓதிக்காட்டவில்லை. அந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்திருப்பது 1270-களில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு சிறு தோல்சுவடியில். அதற்குள் நாடு கிறித்தவமாகி இரண்டரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பின்லாந்திலும் கரேலியாவிலும் சொற்கள் வாயில் இருக்கும்போதே ஒருவர் பேனாவோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் காவியம் முழுவதையும் இப்படி அவிழ்க்கப் பார்க்கக் கூடாது. கேட்டதையெல்லாம் அரைத்துத் தரும் சம்போ என்ற மாய ஆலை எது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள்: உலகத் தூண், வானக் கூரை, கொள்ளைபோன புதையல். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. மேகத்திலிருந்து சொட்டும் பாலின் அழகும் எந்தத் தாதுவுக்கும் கடன்பட்டதல்ல. இரும்பின் பிறப்பில் கைத்தொழில் அறிவு தெளிவாகத் தெரிகிறது என்றால், அதைப் பாடியவர்கள் உலையருகில் வாழ்ந்தவர்கள் என்பதால்தான்.

1834-இல் லொண்ரொத், இன்று ரஷ்யாவுக்குள் இருக்கும் லத்வாயார்வி கிராமத்தில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற பெரியவரைச் சந்தித்தார். மூன்று நாள் அவர் பாடப் பாட எழுதினார். அர்ஹிப்பா சிறுவனாக இருந்தபோது அப்பாவும் அவருடைய கூட்டாளியும் மீன்பிடிக்கப் போய், ஏரிக்கரையில் தீ மூட்டிக் கைகோத்து உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்களாம், ஒரே பாட்டு இரண்டாம் முறை வராதாம். எனக்குப் பிறகு என் மகன் அப்படிப் பாடகனாக மாட்டான், பழைய பாட்டு இப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்று அவர் வருந்தினார். ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து வேறு தொகுப்பாளர்கள் அதே ஊருக்குப் போனார்கள். அர்ஹிப்பாவின் மகன் மீஹ்காலி, பிற்காலத்தில் கண்பார்வை போனவர், அவர்கள் எழுதிக்கொள்ள உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.