கார்பன் ரிம் எப்படி உடைகிறது, வாரண்டி எதற்குக் கிடைக்கும்?

“அலுமினிய ரிம் கல்லில் அடிபட்டால் சொட்டை விழும், கார்பன் ரிம் உடைந்தே போகும் என்கிறார்கள். அப்புறம் எந்தத் தைரியத்தில் மவுன்டன் பைக் வீலுக்கு ஆயுள்கால வாரண்டி தருகிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் ரிம்மின் விளிம்பில் இருக்கிறது.

எபாக்ஸி பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களைப் பல கோணங்களில் அச்சுக்குள் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்தால் ரிம் தயார். ஒவ்வோர் இழையும் சுமார் 7 மைக்ரான் தடிமன். டோரே நிறுவனத்தின் டி700 இழையால் ஆன தகடு, இழை ஓடும் திசையில் இழுத்தால் ஏறக்குறைய 2,500 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) தாங்கும். அமுக்கினால் 1,500-ஐ நெருங்கும்போதே நொறுங்கிவிடும்.

பாறையில் வேகமாக இறங்கும்போது டயர் முழுக்க அமுங்கி, விளிம்பு கல்லில் மோதுகிறது. மோதிய இடம் வீலின் நடுவை நோக்கி உள்ளே வளைய, விளிம்போடு ஓடும் இழைகள் நீளவாக்கில் நெருக்கப்படுகின்றன. எந்த இழையும் முழு நேராக இருப்பதில்லை, எங்கோ ஓர் இம்மி நெளிவு இருக்கும். ஈர்க்குக் கட்டை இரு முனையிலும் பிடித்து அமுக்கினால், நெளிந்த குச்சி முதலில் விலகி மற்றவற்றையும் தள்ளிக்கொண்டு மடங்கும். இங்கேயும் அதுவே நடக்கிறது. சுற்றியுள்ள பிசின் பிடித்து நிறுத்தும்வரை பிரச்சினை இல்லை. அது விட்டுக்கொடுத்த கணம் இழைகள் ஒரு பட்டையாகச் சரிந்து முறியும், விரிசல் அடுக்குகளின் நடுவே ஓடும். அலுமினியம் நெளிந்தே அடியின் ஆற்றலை விழுங்கிவிடும். கார்பனுக்கு அந்த வழி இல்லை. மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

இதற்குத் தீர்வு ரிம்மின் வடிவமைப்பில் கிடைத்தது. டயரைப் பிடிக்கும் கொக்கி மடிப்பை எடுத்ததும் விளிம்பைத் தடிமனாக்க முடிந்தது. ரோவல் பிராண்டின் 2020 கன்ட்ரோல் எஸ்.எல். ரிம்மில் அது 4 மி.மீ. அடி பரவலாக விழுவதால் ரிம்மும் பிழைக்கிறது, டயரும் வெட்டுப்படுவதில்லை. 2019-இல் ஸிப் என்ற வீல் நிறுவனம் வேறு வழியில் போனது: ஒற்றைச் சுவர் ரிம், அடிபட்ட இடத்தில் சற்றே திரும்பிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

உடைவது குறைந்ததால்தான் சான்டா குரூஸ் ரிசர்வ், ஸிப் போன்ற வீல் பிராண்டுகளின் ஆயுள்கால வாரண்டி கட்டுப்படியாகிறது. ஆனால் விதிகளைப் படியுங்கள். பொதுவாக அது முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், ரசீது கட்டாயம். சில நிறுவனங்கள் தயாரிப்புக் குறையை மட்டும் ஏற்கும், ஓட்டும்போது உடைந்தால் தள்ளுபடி விலையில் புது ரிம் தரும். பான்ட்ரேகர் முதல் இரண்டு வருடத்தில் அடிபட்டு உடைந்தாலும் இலவசமாக மாற்றித் தருகிறது. வீலின் நடுவிலுள்ள ஹப்புக்குத் தனி வாரண்டி இருக்கும். வீல் கட்டும் கூலி, டயர் எல்லாம் பெரும்பாலும் உங்கள் செலவு.

“கார்பனுக்கு ஐந்து வருடம்தான் ஆயுசு” என்பது வெறும் மூடநம்பிக்கை. திரும்பத் திரும்ப வரும் சுமையை அது அலுமினியத்தைவிட நன்றாகவே தாங்கும். அதைக் கெடுப்பது குறைந்த காற்றும் அளவுமீறி இறுக்கிய ஸ்போக்ஸ் கம்பியும்தான். 75 கிலோ எடைக்காரர் 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். கல் நிறைந்த பாதை என்றால் பின்னால் இன்னும் 2 கூட்டுங்கள். வீலின் கோட்டம் எடுக்கும்போது, ஸ்போக்ஸுக்கு ரிம்மில் குறித்த உச்ச இறுக்கத்தைத் தாண்டக் கூடாது. ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். கார்பனைத் தொட்டபடி ஈரம் பட்டால் அலுமினிய நிப்பிள் அரித்துப் பொடியும்.

பலத்த அடி விழுந்தால் டயரைக் கழற்றி, ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப்பையும் உரித்துப் பாருங்கள். நாணயத்தால் சுற்றிலும் தட்டுங்கள். மற்ற இடங்களில் கணீரென்று வரும் சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் அங்கே அடுக்கு பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்போக்ஸ் துளை வழியாக, டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் திரவம் கசிந்தாலும் சந்தேகப்படுங்கள். டேப் கிழிந்திருந்தாலும் கசியும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். டேப் நன்றாக இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, சீரியல் நம்பரும் விரிசலும் தெரியும்படி படமெடுத்து வாரண்டிக்கு அனுப்புங்கள்.