கொஞ்சம் லூஸாக இருக்கட்டும்

நெடும்பயணம் கிளம்பும் முன்பு பைக்கை சர்வீஸுக்கு விடுபவர்கள் மெக்கானிக்கிடம் தவறாமல் சொல்வது, "எல்லாத்தையும் நல்லா டைட் பண்ணிடுங்க." நட்டு, போல்ட் விஷயத்தில் அது சரிதான். ஆனால் மோட்டார் சைக்கிளில் வேண்டுமென்றே தளர்வாக விடப்பட்ட இடங்கள் சில இருக்கின்றன: செயின், கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், வால்வு. மெக்கானிக்குகள் இதை 'ப்ளே' என்பார்கள். அது குறைந்துபோனால் வண்டி உடனே மக்கர் செய்யாது. ஊருக்குள் ஓட்டும்வரை பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. நாள் முழுக்கச் சூடாகவே ஓடும் நெடுஞ்சாலையில்தான் குட்டு உடையும். பத்துப் பேர் சேர்ந்து போகும் பயணத்திலும் இதே சங்கதி உண்டு. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

செயினை முதலில் எடுத்துக்கொள்வோம். பின்சக்கரம் அதைத் தாங்கும் நீண்ட கையான ஸ்விங் ஆர்மின் நுனியில் இருக்கிறது. பள்ளம் மேடு வரும்போது அந்தக் கை ஒரு பிவட்டை, அதாவது கீல் போன்ற அச்சைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். இன்ஜின் பக்கமுள்ள முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் அந்த பிவட்டுக்குச் சற்று முன்னால் தனியாக இருக்கும். இரண்டுக்கும் அச்சு வேறு வேறு என்பதால், சக்கரம் ஆடும்போதெல்லாம் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சம். செயின் அந்த ஒரு கணத்துக்குப் போதுமான நீளத்தில் இருக்க வேண்டும். மற்ற நேரங்களில் தொங்குவது அதனால்தான்.

பல சாலை பைக்குகளில் இந்தத் தொங்கல் 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். சஸ்பென்ஷன் அதிகம் ஆடும் அட்வென்ச்சர் வண்டிகளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். சரியான அளவு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டூரிங்கில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு ஆள், டேங்க் மேல் ஒரு பை என்று ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் இறங்கி, ஸ்விங் ஆர்ம் அந்த நேர்க்கோட்டை நெருங்கிவிடும். காலி வண்டியில் 'கச்சிதமாக' இருந்த செயின், லக்கேஜ் ஏறியதும் விறைத்துப்போகும். அதற்குமேல் ஒரு பள்ளத்தில் விழுந்தால் சஸ்பென்ஷன் மேற்கொண்டு அமுங்கச் செயின் விடாது. அந்த இழுப்பு முழுவதும் முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். செயின் மலிவு, அந்த பேரிங்கை மாற்றுவதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் லூஸ், டைட் இரண்டில் ஏதாவது ஒரு பக்கம் சாய்வதென்றால் நான் அரை சென்டிமீட்டர் லூஸ் பக்கம்தான் சாய்வேன்.

'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்பு நீள்வதில்லை. 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய புஷ்-ரோலர் செயினின் அமைப்புதான் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்குமேல் ஒரு ரோலர். ஸ்ப்ராக்கெட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. ஒரு மூட்டில் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 110 கண்ணி உள்ள செயினில் அது ஐந்தரை மில்லிமீட்டர். தேய்வு சீராகவும் இருக்காது. ஓரிடத்தில் டைட்டாகவும் இன்னோரிடத்தில் லூஸாகவும் இருக்கும். ஆகவே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிகவும் டைட்டான இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

இப்போதைய செயின்கள் பலவற்றில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, இரு பக்கமும் ஓ-ரிங் போட்டு அடைத்திருப்பார்கள். நாம் அடிக்கும் ஸ்ப்ரே அந்த உட்பகுதிக்குள் போவதே இல்லை. ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது, ரோலரும் பல்சக்கரமும் மோதும் இடத்தை நனைப்பது, துருவைத் தடுப்பது, இவைதான் அதன் வேலை. பெட்ரோல் ஊற்றியோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ கழுவினால் அந்த வளையம் கெட்டு, உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறும். அதன்பின் எத்தனை டப்பா ஸ்ப்ரே அடித்தாலும் பிரயோஜனமில்லை.

இன்ஜினுக்குள் வாயு போகவும் வரவும் திறந்து மூடும் வால்வு இதைவிட நுட்பமானது. இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. எரிந்த வாயுவை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலைப்பகுதி 700 டிகிரி வெப்பத்தைத் தொடக்கூடும். அந்தச் சூட்டின் பெரும்பகுதியை அது இறக்கிவைப்பது, மூடியிருக்கும் அந்த மிகச் சிறு கணத்தில், தன் இருக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான். வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே டேப்பெட் கிளியரன்ஸ் என்று 0.1, 0.2 மில்லிமீட்டர் அளவில் விடுகிற இடைவெளி இதற்காகத்தான். சூட்டில் வால்வுத் தண்டு நீண்டாலும் வால்வு முழுதாக மூட இடம் வேண்டும். அந்த இடைவெளி போய்விட்டால் வால்வு ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். சூடும் இறங்காது, எரியும் வாயுவும் அந்தச் சந்து வழியே பீறிட்டு விளிம்பைக் கருக்கும். 'டக் டக்' என்று சத்தம் போடும் டேப்பெட்டைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். சத்தமே இல்லாமல் போன டேப்பெட்தான் அதைவிடக் கவலைக்குரியது. பல இன்ஜின்களில் வால்வு இருக்கை தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டேதான் போகும், அதிகரிக்காது.

கிளட்ச் கேபிளும் இதே வகை. லீவர் நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெறுமனே ஆட வேண்டும், இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் கொஞ்சம் பிடித்த நிலையிலேயே இருந்து, மேட்டில் ஏறும்போது வழுக்கும்.

பிரேக்கில் நடப்பது பலருக்கும் தெரியாத விஷயம். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில், லீவர் தள்ளும் பிஸ்டன் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் மிகச் சின்னதாக ஒரு துளை இருக்கும். லீவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி அந்தத் துளையைத் திறந்துவிடும். சூட்டில் விரிந்த பிரேக் ஆயில் அதன் வழியே மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். லீவரில் ப்ளே இல்லாமல் இறுக்கிவைத்தாலோ, பெடல் மேல் எப்போதும் கால் வைத்திருந்தாலோ துளை மூடியே கிடக்கும். ஆயில் விரிந்தால் போக இடமில்லை. பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும். அழுத்தினால் சூடு கூடும், சூடு கூடினால் ஆயில் இன்னும் விரியும். யாரும் பிடிக்காமலேயே பிரேக் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் நிலை இப்படித்தான் வருகிறது.

மலை இறக்கத்தில் எவ்வளவு சூடு உருவாகும் என்று ஒரு கணக்குப் போடலாம். வண்டி, ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 300 கிலோ. 80 கி.மீ. வேகத்திலிருந்து அதை நிறுத்த ஏறக்குறைய 74 கிலோஜூல் ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். அதே வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 2940 கிலோஜூல். அதாவது 80 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 40 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இதில் எவ்வளவை இன்ஜின் மேல் தள்ளுகிறோமோ அவ்வளவு பிரேக்குக்கு மிச்சம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் வரும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது சும்மா இல்லை.

சரி, வண்டி தயார். இப்போது பத்து வண்டிகள் வரிசையாகப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

குழுவாக ஓட்டியவர்களுக்கு இது பழக்கம்: முன்னால் போகிறவர் நிதானமாக 80இல் போய்க்கொண்டிருப்பார், கடைசி ஆள் மட்டும் 100, 110 என்று விரட்டுவதும் சடாரென்று பிரேக் போடுவதுமாகத் திண்டாடுவார். அவர் ஓட்டத் தெரியாதவர் இல்லை. வரிசையில் ரப்பர் பேண்ட் மாதிரி ஓர் இழுப்பு உண்டாகிறது. இயற்பியலாளர் யூகி சுகியாமாவும் அவர் குழுவினரும் ஜப்பானில் செய்து 2008இல் வெளியிட்ட சோதனை ஒன்று பிரபலம். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்கள். எல்லோரும் சீராக ஓட்டுங்கள் என்பது மட்டுமே கட்டளை. சிக்னல், குறுக்கே வந்த மாடு, பள்ளம் எதுவும் கிடையாது. ஆனாலும் சற்று நேரத்தில் நெரிசல் தானே உருவாகி, வண்டிகள் போகும் திசைக்கு எதிராக, ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது.

ஒருவர் லேசாக வேகம் குறைக்கிறார். பின்னால் வருபவர் அதைக் கவனித்துக் கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட அவர் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறார். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. முதல் ஆளின் சின்னத் தயக்கம் ஏழாவது ஆளுக்குப் போகும்போது முழு பிரேக். முன்னால் போதிய இடைவெளி விட்டவர் மட்டும் இந்தச் சங்கிலியை அறுக்கிறார். அவர் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே போதும், பிரேக் விளக்கு எரியவே எரியாது, அலை அவரோடு செத்துப்போகும்.

இடைவெளியை மீட்டரில் அல்லாமல் நேரத்தில் அளப்பது நல்லது. நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி. இடதும் வலதுமாக மாறி மாறிப் போகும்போது, சாய்வாக முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடி. வளைவுகளில் ஒற்றை வரிசை, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவருக்கும் பாதையின் முழு அகலமும் தேவைப்படும். ஒற்றை வரிசையில் இரண்டு விநாடி என்பது 40 கி.மீ. வேகத்தில் 22 மீட்டர், 80இல் 44 மீட்டர். பத்து வண்டிக்கு ஒன்பது இடைவெளி. ஆக ஒரு கிராமத்தைக் கடந்து லீடர் வேகமெடுத்ததும் 200 மீட்டர் வரிசை 400 மீட்டராக நீளும். இது இயல்பு, யாரும் பின்தங்கிவிடவில்லை. ஆனால் கடைசி ஆளுக்குத் தான் தொலைந்துவிட்டதாகத் தோன்றி, விரட்ட ஆரம்பிப்பார். லீடர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, ஊர் தாண்டியதும் உடனே முறுக்காமல் இருப்பதுதான். புதியவர்களையும் சின்ன இன்ஜின்காரர்களையும் லீடருக்கு அடுத்தே விட வேண்டும், அங்கேதான் அலை சிறியது. அனுபவசாலியும் டூல்ஸும் பஞ்சர் கிட்டும் கடைசியில்.

தொலைந்துபோகும் பயத்தைப் போக்க ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. திருப்பம் வரும்போது லீடருக்கு அடுத்து வருபவர் அங்கே ஒதுங்கி நின்று வழி காட்டுவார். கடைசி ஆள் வரும்வரை நின்றுவிட்டு, அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்துக்கு அடுத்தவர். இப்படிச் செய்தால் யாரும் யாரையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

திட்டத்திலும் ப்ளே வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எதிர்பாராமல் நிற்க வேண்டிவரும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கையுறை பறந்தது, கயிறு தளர்ந்தது, சிறுநீர், எதுவாகவும் இருக்கலாம். தனியாகப் போனால் பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய ஒருமுறை நிற்பீர்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஏதாவது ஒரு வண்டி நிற்கும் வாய்ப்பு மணிக்கு 65 சதவீதம். ஐந்து பேரென்றால் 41. பெரிய குழுவை ஐந்தாறு பேராகப் பிரித்து அனுப்புவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. கூகுள் மேப் காட்டும் நேரத்தை அப்படியே அட்டவணையில் போடுபவர் பாவம், மதியத்துக்குள் எல்லோரையும் திட்டத் தொடங்கிவிடுவார்.

பெட்ரோல் நிறுத்தங்களைக் குழுவிலேயே குறைவான தூரம் ஓடும் டேங்க்தான் தீர்மானிக்கும். 12 லிட்டர், லிட்டருக்கு 30 என்றால் காகிதத்தில் 360 கி.மீ. ஆனால் 80லிருந்து 100க்கு வேகத்தைக் கூட்டினால் காற்றின் தடை 56 சதவீதம் ஏறும்; பக்கப் பெட்டிகள் அதை இன்னும் மோசமாக்கும். 230, 240இல் நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

பராமரிப்புக்கும் அட்டவணையில் நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் இரண்டாகப் பிரித்து. டயரில் காற்றுப் பார்ப்பது காலையில், கிளம்பும் முன்பு. 25 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. காட்டும் டயர், ஓடி 65 டிகிரிக்குச் சூடானதும் 38 காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் நெளிந்து, பாரத்தில் இன்னும் சூடாகும். செயினுக்கு இதற்கு நேர்மாறாக, மாலையில் வண்டியை நிறுத்தியதும் அது சூடாக இருக்கும்போதே ஸ்ப்ரே அடிக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் சந்துகளுக்குள் நன்றாக இறங்கும். அதிலிருக்கும் கரைப்பான் இரவில் ஆவியாகிவிடுவதால் காலையில் சக்கரமெல்லாம் தெறிக்காது. தொங்கலை மட்டும், செயின் ஆறிய பிறகு, கையேடு சொல்லும் நிலையில் வண்டியை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள்.